பாப்பா கைக்கு ஒரு பிடி

போன ஞாயிறு ரேஞ்சில் 60 குண்டும் சுட்டு முடித்து பிஸ்டலை மேசையில் வைத்ததும் பாப்பா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எப்போதும் இருக்கும் சிவப்புக் கோடு இல்லை. "அப்பா, இன்னைக்கு வலிக்கவே இல்லை" என்றாள். ஸ்கோர் 600க்கு 548. நான்கு மாதம் முன்பு இதே பிஸ்டலில் 531, 534 என்று நின்றுகொண்டிருந்தவள். ஸ்கோரைவிட அந்தக் கோடு மறைந்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். அன்று ராத்திரியே நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பிஸ்டலின் மரப் பிடியை அவள் கைக்குப் பொருத்திய வேலையை முதலிலிருந்து எழுத உட்கார்ந்தேன். இதே சிக்கலோடு இன்னொரு அப்பாவோ அம்மாவோ இருந்தால் உதவும்.

நான் கோவையில் பம்ப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர். 22 வருட வேலை. துப்பாக்கி எனக்குப் புதிது. 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதை டிவியில் பார்த்த மறுநாளே, "எனக்கும் இது கத்துக்கணும்" என்று பாப்பா நின்றாள். முதலில் கிளப் பிஸ்டலில் பழகினாள். அப்புறம் பழைய பிஸ்டல் ஒன்றை வாங்கினோம். காற்று சிலிண்டர் வைத்தது, 4.5 மி.மீ. குழல், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பழையது வாங்குகிறவர்கள் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதற்குப் பத்து வருட ஆயுள்தான் சொல்கிறார்கள். எங்களுடையதில் இன்னும் ஆறு வருடம் பாக்கி இருந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் லைசன்ஸ் வேண்டாமா என்று கேட்டார்கள். 2016 ஆயுத விதிகளின்படி .177 அங்குலக் குழலும் (அதுதான் 4.5 மி.மீ.) 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இதில் அரை கிராம் பெல்லட், அதாவது ஈயக் குண்டு, நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போகிறது, கணக்குப் போட்டால் ஆறு ஜூல்கூட வராது. ஆனாலும் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் பிடியில் வேலை செய்த நாள் ஒவ்வொன்றிலும் சிலிண்டரைக் கழற்றி பீரோவில் பூட்டி, குழல் காலி என்று காட்டும் ஆரஞ்சு நூலைக் குழலுக்குள் முழு நீளத்துக்கும் விட்ட பிறகுதான் எல் கீயைக் கையில் எடுத்தேன். ஒரு நாள்கூட இதைத் தாண்டவில்லை.

சிக்கல் இதுதான். பிடி நடுத்தர அளவு, வளர்ந்த ஆண் கைக்குச் செதுக்கிய வால்நட் கட்டை. பாப்பாவுக்கு 13 வயது. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை கை 164 மி.மீ. ட்ரிக்கரை எட்ட அவள் கையைப் பிடியின் வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அப்படிச் சுற்றினால் முழங்கை ஒரு கோட்டிலும் குழல் வேறொரு கோட்டிலும் நிற்கும். சுண்டுவிரல் காற்றில். உள்ளங்கையின் அடிப்பக்கத்துக்கும் கீழே தாங்க வேண்டிய தட்டுக்கும் நடுவே 9 மி.மீ. இடைவெளி, என் டிரில் பிட்டை நுழைத்து அளந்தேன். தாங்க வேண்டிய தட்டு தாங்காததால் மொத்த எடையும் கட்டைவிரல் இடுக்கில் தொங்கியது. சிவப்புக் கோடு அங்கிருந்து வந்ததுதான்.

சின்ன அளவுப் பிடி தனியாகக் கிடைக்கும். விசாரித்ததில் வந்து சேரும்போது 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். அதுவும் வளர்கிற கைக்கு. இருக்கிற கட்டையையே மாற்றுவது என்று முடிவு செய்தேன். உள்ளே இருக்கும் இயந்திரத்தை மட்டும் தொடுவதில்லை என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டேன். டோக்கியோவில் நடுப்போட்டியில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, நிமிடங்கள் போய், 575 எடுத்து 12ஆம் இடத்தில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். ட்ரிக்கரின் கொக்கி முனைகளைத் தேய்த்து மெருகேற்றுங்கள் என்று சிலர் சொன்னார்கள். அந்த முனைகளுக்குக் கொடுத்திருக்கும் கடினம் தோல் அளவுதான் இருக்கும். அதை ராவிவிட்டால் என்றைக்குத் தானாக விழும் என்று சொல்ல முடியாது. என் வேலை மரத்தோடு மட்டும்.

முதல் தப்பை முதல் வாரத்திலேயே செய்தேன். ரேஞ்சில் கோச் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்திருந்தார். கண்ணை மூடி, மூச்சு விட்டு, கையைத் தூக்கி, நிலையாக நின்ற பிறகு கண்ணைத் திறந்து பார். குழல் முனையில் இருக்கும் குறிமுள், அதாவது ஃப்ரண்ட் சைட், பின்பக்கத்து சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் நின்றால் பிடி சரி. பாப்பாவுக்கு அது வலது பக்கம் ஒதுங்கி நின்றது. கை சுற்றிக்கொண்டு போவதால் குழல் வலதுபுறம் பார்க்கிறது. வலது பின்பக்கத்தில், கட்டைவிரல் மேடு உட்காரும் இடத்தில் மரம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. அது உண்மையும்தான். ஆனால் எவ்வளவு அதிகம் என்று அளக்கவில்லை. பட்டறையில் பொருந்தாததைப் பொருத்துவது என்றால் எங்களுக்கு ஒரே வழி, ராவி எடுப்பது. அரைவட்ட மர அரம் 350 ரூபாய்க்கு வாங்கி, ஒரே மாலையில் 4 மி.மீ. எடுத்துவிட்டேன். வால்நட் வெண்ணெய் மாதிரி இறங்கும். கை நிற்கவே இல்லை.

மறுநாள் கண்ணைத் திறந்தால் ஃப்ரண்ட் சைட் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளங்கைக் குழியில் வெற்றிடம் வேறு. அந்த வார ஸ்கோர் 522.

இந்த விலகல் எவ்வளவு பெரிது என்று அன்றுதான் கணக்குப் போட்டேன். இரண்டு சைட்டுக்கும் நடுத் தூரம் 320 மி.மீ., குறி 10 மீட்டர் தள்ளி. சைட்டில் 1 மி.மீ. தவறினால் தாளில் 31 மி.மீ. தவறும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். கால் மில்லிமீட்டர் போனால் ஒரு வளையம் போச்சு. பள்ளத்துக்குள் சைட்டை நடுவில் கொண்டுவர ஒவ்வொரு குண்டுக்கும் பாப்பா மணிக்கட்டைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறாள். 60 குண்டு, 75 நிமிடம். கை எப்படி நடுங்காமல் இருக்கும்?

எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டும். குழாய் ஒழுகலுக்கு வைப்போமே, இரண்டு பாகம் கலந்து பிசையும் எபாக்சி பட்டி, அதை வாங்கினேன். பிசைந்து அப்பி, ஒரு நாள் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பார்க்க அழகாக இருந்தது. நாலாம் நாள் பாப்பா பிஸ்டலை இறுகப் பிடித்ததும் டிக் என்று ஒரு சத்தம். பட்டி மொத்தமும் ஒரே சில்லாகக் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. மரத்தின் ரேகை அதில் அச்சாகப் பதிந்திருந்தது, ஒரு துளி மரம்கூட ஒட்டி வரவில்லை.

எங்கள் தெருமுனை ஆசாரி அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போனேன். கட்டையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "ஏனுங் தம்பி, இது எண்ணெய் குடிச்ச கட்டைங்க. நாலஞ்சு வருசமா கை வேர்வையும் குடிச்சிருக்குது. இதுமேல எதை வெச்சாலும் நிக்காதுங்க" என்றார். பட்டி மேல் குற்றம் இல்லை, நான் வைத்த இடம் தப்பு. அவர் சொன்னபடி செய்தேன்: அந்த இடம் முழுக்க 80 உப்புத்தாளில் மேல்தோலை எடுத்து, தின்னரில் நனைத்த துணியால் ஐந்து முறை துடைத்தேன். துணியில் மஞ்சள் ஏறுவது நின்ற பிறகு ஒரு நாள் வெயிலில் வைத்தேன். அதோடு 2 மி.மீ. டிரில்லில் பட்டி வரும் இடமெங்கும் 3 மி.மீ. ஆழத்துக்குத் துளைகள், நேராகப் போடாமல் ஆளுக்கொரு பக்கம் சாய்த்து. பட்டி அந்தத் துளைகளுக்குள் இறங்கி வேர் விட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். பதினேழு துளை போட்டேன். இன்றுவரை ஒரு விரிசல் இல்லை.

கை அச்சு எடுப்பதில் இரண்டு முறை தோற்றேன். முதல் முறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கையை அழுத்தச் சொன்னேன். தாள் மடிந்த இடமெல்லாம் பட்டியில் கோடு விழுந்தது. பச்சைப் பட்டி குழந்தைத் தோலில் படவே கூடாது, அரிப்பு வரும். அதனால் மெல்லிய ஆஸ்பத்திரிக் கையுறை மாட்டி, அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒட்டவில்லை, சுருக்கமும் இல்லை.

இரண்டாவது தோல்விதான் எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தது. பாப்பாவைச் சாப்பாட்டு மேசை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையை மேசையில் ஊன்றி, பிடியை நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அச்சு அருமையாக வந்தது, ஒவ்வொரு விரல் கணுவும் தெரிந்தது. காய்ந்த பிறகு நின்று தூக்கிப் பார்த்தால் ஃப்ரண்ட் சைட் பள்ளத்துக்குக் கீழே முழுகிக் கிடக்கிறது. குழல் தரையைப் பார்க்கிறது. முழங்கை மடிந்திருக்கும்போது மணிக்கட்டு நிற்கும் கோணம் வேறு, கை நீட்டி நிற்கும்போது வேறு. இறுக்கம்கூட வேறு. உட்கார்ந்து பிடித்தவள் துணி பிழிகிற மாதிரி பிடித்திருந்தாள். சுடும்போது அப்படி யாரும் பிடிப்பதில்லை. அந்தப் பட்டியை மொத்தமாக உளியால் எடுத்தேன். ஒரு பாக்கெட்டும் இரண்டு சாயங்காலமும் போயின.

மூன்றாவது முறை கூடத்தில் தரையில் சாக்பீஸால் கால் வைக்கும் இடத்தை வரைந்தோம், ரேஞ்சில் நிற்கிற அதே கோணம். எதிர்ச் சுவரில் அவள் கண் மட்டத்துக்குக் கருப்புப் பொட்டு ஒன்று ஒட்டினேன். பட்டியைத் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே வைத்தேன். பிசைந்து கால் மணி நேரம் விட்டு, சப்பாத்தி மாவுப் பதம் வந்த பிறகு அவள் கையில் கொடுத்தேன். கண்ணை மூடித் தூக்கினாள். பத்து நொடி. இறக்கினாள். திரும்பத் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும் பட்டி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கைக்கு வழி விட்டது. ஆறாவது தடவை கண்ணைத் திறந்தவள், "அப்பா, நடுவுல நிக்குது" என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், சத்தம் போட்டால் சைட் நகர்ந்துவிடும் என்பது மாதிரி. பிஸ்டலை அப்படியே வாங்கி, ஒரு துணி மேல் சாய்த்து வைத்து, ராத்திரி முழுக்க யாரையும் அந்தப் பக்கம் போகவிடவில்லை.

அடுத்தது என் தொழிலுக்குப் பக்கத்து வேலை. பட்டறையில் இரண்டு முகம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒன்றில் நீல மசி தடவி மற்றதன்மேல் வைப்போம். மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும், அதை மட்டும் சுரண்டுவோம். அதையே இங்கே செய்யலாம் என்று தோன்றியது. ஆனால் அந்த நீலம் தோலில் பட்டால் நாலு நாள் போகாது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அவள் அம்மா கண் மையைக் கொடுத்தாள். இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்து, பாப்பா உள்ளங்கையில் மெல்லப் பூசி, நின்று தூக்கி இறக்கச் சொன்னேன். பட்டியில் கருப்பு அழுத்தமாக விழுந்த இடம் மேடு. 120 உப்புத்தாளை விரலில் சுற்றி அந்த இடத்தை மட்டும் நாலு இழுப்பு. துடை, பூசு, தூக்கு. ஒரு சாயங்காலத்துக்கு ஐந்து சுற்று, அதற்கு மேல் அவள் கை சோர்ந்துவிடும், சோர்ந்த கையில் எடுத்த அச்சு பொய் சொல்லும். இப்படி எட்டு நாள். கடைசியில் உள்ளங்கை ரேகைகூடப் புகைப்படம் மாதிரி ஒரே சீராக விழுந்தது. விழாமல் இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: ஆள்காட்டி விரலின் பக்கவாட்டு. அது மரத்தைத் தொட்டால் ட்ரிக்கரை இழுக்கும்போது பிஸ்டலையும் சேர்த்து இடதுபுறம் தள்ளும். அங்கே 3 மி.மீ. பள்ளம் எடுத்தேன், இப்போது ஒரு பென்சில் முனை தாராளமாக நுழையும்.

கீழே இருக்கும் தட்டை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. அதன் போல்ட் போகும் நீள்துளை முடிகிற வரை ஏற்றியும் 4 மி.மீ. இடைவெளி மிச்சம். நீள்துளையை வட்ட அரத்தால் 5 மி.மீ. நீட்டினேன். இங்கேயும் ஒரு தப்பு, கை அடியை நன்றாகத் தாங்கட்டும் என்று இறுக்கி வைத்துவிட்டேன். இருபது குண்டுக்குப் பிறகு சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்றாள். தளர்த்தி, ஒரு விசிட்டிங் கார்டு உள்ளே போய் வரும் அளவுக்கு வைத்தேன். தட்டு கையைத் தாங்க வேண்டும், கவ்வக் கூடாது. போட்டி விதியும் அதற்குத் துணை நிற்கிறது. பிடியின் எந்தப் பாகமும் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. தட்டு பிடிக்கு 90 டிகிரிக்குக் குறையாமல் நீட்டியிருக்க வேண்டும், அதன் ஓரம் மேல்நோக்கி வளையக் கூடாது. நான் முதலில் கை வழுக்காமல் இருக்கட்டும் என்று ஓரத்தில் பட்டியால் சின்ன வரப்பு கட்டியிருந்தேன். கோச் பார்த்ததும் எடுக்கச் சொன்னார்.

விதியில் இன்னொன்று, பெட்டி. பிடியோடு சேர்த்துப் பிஸ்டல் முழுக்க 420 × 200 × 50 மி.மீ. உள்ளளவு உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். பட்டி வைத்துக்கொண்டே போகிறவன் இதை மறந்துவிடுவான், நான் மறந்தேன். 6 மி.மீ. பிளைவுட்டில் அந்த அளவுக்கே ஒரு பெட்டி அடித்து, வெர்னியர் வைத்துச் சரிபார்த்து, பிஸ்டலை இறக்கினால் போகவில்லை. அகலம் 51.2. வலது பக்கம் உள்ளங்கை மேட்டைக் குறைத்தால் எட்டு நாள் வேலை வீண். அதனால் தட்டின் இடது ஓரத்தில் ஒன்றரை மி.மீ. எடுத்தேன், அங்கே கை படுவதே இல்லை. பெட்டியை முதல் நாளே அடித்திருக்க வேண்டும். எபாக்சி பட்டி வாங்கும் முன்பே அடித்துவிடுங்கள்.

மேல்பரப்பு பற்றிக் கொஞ்சம். வழவழப்பாக விட்டால் கோவை ஏப்ரலில் வேர்வையில் வழுக்கும். மரத்தில் பஞ்ச் கருவியால் குத்திப் புள்ளி வைக்கலாம், பட்டியில் குத்தினால் பெயர்ந்து வருகிறது. ஒரு வழி கிடைத்தது. மேடெல்லாம் சரியான பிறகு, கடைசியாக அரை மில்லிமீட்டர் கனத்துக்குப் புதுப் பட்டி பூசி, நகம் பதியும் ஆனால் ஒட்டாது என்கிற பதத்தில் 60 நம்பர் உப்புத்தாளைக் கவிழ்த்து வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். மணல் மணலாக அச்சு விழுந்தது. பூனை நாக்கு மாதிரி இருக்கிறது என்றாள் பாப்பா. முதல் இரண்டு நாள் தோலை உறுத்தியது, 400 தாளால் முனைகளை மட்டும் மழுக்கினேன். வெளிப்பட்ட மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் மூன்று கை. பட்டி மேல் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுக்கும்.

இனி ட்ரிக்கர். தயாரிப்பாளர் கொடுத்த புத்தகத்தில் இருக்கும் இரண்டு திருகைத் தவிர எதையும் தொடவில்லை. விரல் இப்போது சரியாக எட்டுவதால் ட்ரிக்கர் பிளேடை 4 மி.மீ. முன்னால் தள்ள முடிந்தது, விரல் கணு படுவதற்குப் பதில் நுனிச் சதை படுகிறது. அடுத்தது ட்ரிக்கரின் எடை, அதாவது அதை இழுக்க வேண்டிய விசை. குறைந்தது 500 கிராம் இருந்தாக வேண்டும். போட்டிக்கு முன் குழலைச் செங்குத்தாக நிறுத்தி, ட்ரிக்கரில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். எடையைத் தூக்கியும் ட்ரிக்கர் விழக் கூடாது, அதாவது விடுபட்டுவிடக் கூடாது. மூன்று தடவை வாய்ப்பு. வீட்டிலேயே சோதிக்க 30 மி.மீ. பித்தளைக் கம்பியில் 82 மி.மீ. நீளம் கடைந்து, கொக்கி போட்டு, பட்டறைத் தராசில் 500 காட்டும் வரை முகத்தைச் சீவினேன். பார்க்க நன்றாக வந்தது. அதை வைத்து ட்ரிக்கரை எல்லைக்கு மிக நெருக்கமாகச் செட் பண்ணினேன்.

ஒரு போட்டியில் பரிசோதனை மேசையில் முதல் தூக்கிலேயே ட்ரிக்கர் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. பாப்பா முகம் வெளுத்துவிட்டது. அங்கேயே திருகை முக்கால் சுற்று ஏற்றி மூன்றாவதில் நின்றது. அவள் அன்று சுடும்போது பழகாத ட்ரிக்கரோடு சுட்டாள், அது முழுக்க என் தப்பு. திங்கட்கிழமை என் பித்தளைக் குண்டை ராஜ வீதியில் தெரிந்த நகைப் பட்டறைக்கு எடுத்துப்போய் நிறுத்தேன். 494.3 கிராம். இரும்பு எடைபோடுகிற தராசை நம்பி அரை கிலோவை நிறுத்திருக்கிறேன். புதிதாக 84 மி.மீ. நீளத்தில் ஒன்று கடைந்து, நகைத் தராசிலேயே 505 கிராமுக்குக் கொண்டுவந்தேன். அந்த ஐந்து கிராம் எங்களுக்கான காப்பு. இப்போது ரேஞ்சுக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் பாப்பாவே அதைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடுகிறாள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பட்டி நாலு பாக்கெட் 280, அரம் 350, உப்புத்தாள் 60, தின்னர் 90, கையுறை 40, எண்ணெய் 120, பித்தளை இரண்டு துண்டும் சேர்த்து 700. மொத்தம் 1,640 ரூபாய். ஆசாரி அண்ணன் காசு வாங்கவில்லை. பிளைவுட் வீட்டில் கிடந்தது. நேரம் நாலு மாதம், அதில் பாதி என் தப்பைத் திருத்தப் போனது.

அடுத்த தடவை அரத்தைக் கடைசியில்தான் எடுப்பேன். முதலில் பட்டி, அதுவும் நின்ற நிலையில். மரத்தில் கை வைக்கும் முன் பிடியைச் சுற்றி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு அச்சு எடுத்து வைத்துக்கொள்வேன், பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வழி இருக்கும். கட்டையைத் தொடும் முன் எல்லாவற்றையும் புகைப்படத்தோடு அளவும் எழுதி வைப்பேன். இந்த முறை 4 மி.மீ. எடுத்தேன் என்று சொல்கிறேனே, அது நினைவிலிருந்து சொல்வதுதான், எடுப்பதற்கு முன் வெர்னியர் வைக்கவில்லை. ஸ்கோர் பற்றியும் ஒன்று. பிடி மாறிய முதல் மூன்று வாரம் 533, 529, 536 என்றுதான் வந்தது. புதுப் பிடி தப்போ என்று திரும்ப அரத்தை எடுக்கப் போனேன், கோச்தான் தடுத்தார். கை பழைய திருகலை மறக்க ஆயிரம் குண்டாவது ஆகும், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றார். நாலாம் வாரம்தான் ஏறத் தொடங்கியது.

வேலை ஆரம்பித்த அன்று பாப்பா கையை வரைபடத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, தேதி போட்டு வைத்திருந்தேன். நேற்று அதே தாளில் திரும்ப வைக்கச் சொல்லிச் சிவப்புப் பேனாவால் வரைந்தேன். நடுவிரலில் சிவப்புக் கோடு பழைய கோட்டைத் தாண்டி 3 மி.மீ. வெளியே போகிறது. உள்ளங்கை அகலம் இன்னும் மாறவில்லை. விரல் பள்ளத்தின் முன்பக்கம் ஒரு சாயங்கால வேலை இருக்கிறது. கண் மை டப்பாவை அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறேன், அரையாண்டுப் பரீட்சை முடியட்டும்.